வீட்டை விற்கலாம், முடுக்கை விற்கலாமா?



காயல்பட்டினத்தில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. கைமாறிய வேகத்தில் தரைமட்டமும் ஆகின்றன. எங்கள் தெருவில் நூறு வருடத்தைத் தாண்டிய ஒரு வீடு அண்மையில் கிரயமானது. பத்திரம் பதிவான சில நாளிலேயே ஜேசிபி வந்து நின்றது. அதற்கு முன்பே கதவு, நிலை, தேக்குத் தூண், உத்திரம் எல்லாம் லாரி ஏறிவிட்டன.

விற்றவர்களைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். ஆண்கள் கொழும்பு, கல்கத்தா, ஹாங்காங் என்று வியாபாரத்துக்குப் போய் வருடக்கணக்கில் இருந்தபோது, உம்மாவும் மக்களும் ஒரே கூரைக்குக் கீழே இருந்து குடும்பத்தைக் கட்டிக்காத்தது இந்த ஏற்பாட்டால்தான். மூன்று தலைமுறை போனபின் அதே வீட்டுக்குப் பங்குக்காரர்கள் பெருகிவிடுகிறார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். ஓடு மாற்றும் செலவு யாருடையது என்ற பேச்சு முடிவதே இல்லை. பவர் எழுதிக் கொடுத்து விற்றுவிடுகிறார்கள். புரோக்கர் சென்ட் கணக்கில் மண்ணுக்கு விலை பேசுகிறார். மேலே நிற்கும் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

என் எதிர்ப்பெல்லாம் அதன் பிறகு நடப்பதற்குத்தான். எங்கள் தெருக்களுக்கு நடுவே, வீடுகளின் பின்புறமாக ஓடும் முடுக்குகள் பெண்களின் பாதை. மாமி வீட்டுக்குக் கறிச்சட்டி கொண்டுபோவது, கல்யாண வீட்டில் சஹன் என்னும் கூட்டுத் தட்டில் சாப்பிட உட்காரப் போவது, மையித்து (இறப்பு) வீட்டுக்கு ஓடுவது எல்லாம் அதில்தான். நான் சொன்ன மனையின் பின்மதில் இப்போது முடுக்குக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்கிப்போன இடத்தில் ஒருவரே தோளைச் சாய்த்துத்தான் நுழைய வேண்டியிருக்கிறது. வயதான ஒரு மாமி, பின்கதவுக்கு எதிரே இருக்கும் மகள் வீட்டுக்குப் போகப் பெரிய தெருவைச் சுற்றி நடக்கிறார். முறையிட்ட இடத்தில், “பட்டா நிலத்தில் கட்டுகிறார்கள், நாங்கள் என்ன செய்ய?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டை விற்க வாரிசுகளுக்கு உரிமை உண்டு. தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பெண்கள் நடந்த வழியை அடைக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

இன்னொன்றும் போகிறது. இந்த வீடுகளின் பரண்களில் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள், சரக்குக் கணக்குகள், அக்கரையிலிருந்து வந்த கடிதங்கள் கிடக்கும். வீடு இடிபடும்போது எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். வரலாற்று மதிப்புள்ள சுவடியும் ஆவணமும் 75 ஆண்டு ஆகியிருந்தாலே தொல்பொருள் என்கிறது 1972-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வாங்குபவருக்கும் இது தெரியாது, இடிப்பவருக்கும் தெரியாது. சொல்வதற்கும் ஆள் இல்லை.

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழக சட்டமன்றம் 2012-இல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் எத்தனை கூடங்கள் இடிந்தன என்பது எங்களைப் போன்ற கரையோர ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். கோட்டையும் கோயிலும் அரண்மனையும் மட்டுமே பாரம்பரியம் ஆகிவிடாது. சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில், பொற்கொல்லர் தெருவின் எளிய ஓட்டு வீடுகளை பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக், டென்மார்க் அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு புதுப்பித்தது. புதுச்சேரி வைசியாள் வீதியிலும் தமிழ் வீடுகளின் முகப்புகள் மீட்கப்பட்டன. காயலுக்கும் கீழக்கரைக்கும் அந்தக் கவனம் ஏன் வரவில்லை?

பழைய வீட்டை இடிக்க அனுமதி கொடுப்பதற்கு முன் இரண்டு மாத அவகாசம் விட்டு அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதற்குள் வீட்டை அளந்து படமெடுத்து, பரணில் உள்ளதை ஆவணக் காப்பகத்தார் பார்த்துவிட வேண்டும். வீட்டை அப்படியே வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சொத்துவரியில் சலுகை கொடுங்கள். பாதிப் பேர் விற்கும் யோசனையையே விட்டுவிடுவார்கள். முடுக்குகளைப் பொதுவழியாக நில அளவை வரைபடத்தில் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை. எங்கள் தெருவில் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கைமாறிவிட்டது என்று கேள்விப்படுகிறோம். அந்த வீட்டுக்கு ஜேசிபி வருவதற்குள் மாவட்ட நிர்வாகம் சர்வேயரை அனுப்பி வைக்க வேண்டும்.

– ஒரு வாசகி,
காயல்பட்டினம்