எம்மொழியில் சோதிப்பது?

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. அதன் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன்பே வந்து குடியேறின. அக்குடும்பங்களில் வீட்டுமொழி தமிழ். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பாடமொழி பெரும்பாலும் மலையாளம்.

அத்தகைய குழந்தையொன்று மலையாளத்தைப் பிழைபட எழுதுகிறது என்று கொள்வோம். அதற்குக் கற்றல் குறைபாடு என்று முடிவு செய்வது எளிது. ஆனால் தமிழில் 'க' என்னும் ஓரெழுத்து நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. ச, ட, த, ப ஆகியவற்றிற்கும் அவ்வாறே. தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தை அவற்றில் தடுமாறுவது குறைபாடன்று. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "தமிழ்ப் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகும்" என்று ஆசிரியர் காத்திருக்க, உண்மையான குறைபாடு ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கலாம். இரண்டில் பின்னதே கொடிது. அது பரிவுபோலத் தோன்றுவதால் எவரும் அதைத் தவறென்று உணர்வதில்லை.

ஆகவே இரு மொழிகளிலும் சோதித்தல் வேண்டும். தமிழ் எழுத்தறியாத குழந்தையையும் கதை கேட்டுத் திருப்பிச் சொல்லச் செய்யலாம். சொல்லின் ஒலிகளைப் பிரித்துக் கூறச் செய்யலாம். தடுமாற்றம் அங்கும் தொடர்ந்தால் காரணம் மொழி மட்டுமன்று.

1970-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இச்சிக்கல் நீதிமன்றம் ஏறியது. ஸ்பானியம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாணவர்களை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அமர்த்தியிருந்தனர். அவர்கள் மொழியில் மீண்டும் சோதித்தபோது பெரும்பாலோர் அவ்வகுப்பிற்கு உரியவரல்லர் எனத் தெரிந்தது. தாய்மொழியிலும் சோதிக்க மாநில அரசு இசைந்தது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அதனை விரைவில் கண்டறிதல் பள்ளியின் கடமை. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய 6 முதல் 18 அகவை வரையிலான குழந்தை, அருகிலுள்ள பொதுப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வுக்கும் இம்முடிவு பயன்படும்: மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மூன்று மணி நேரத் தேர்வில், சான்றிதழ் பெற்ற மாணவருக்கு மேலும் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

விருப்பம் என்று சட்டம் கூறுகிறது. தோட்டத்தில் ஒரு நாள் கூலியை இழந்து பள்ளிக்கு வரும் தாயிடம், அவர் படிக்க இயலாத மொழியில் அச்சிட்ட தாளை நீட்டிக் கையொப்பம் கேட்பது விருப்பம் அறிதல் ஆகாது. குழந்தை எப்போது பேசத் தொடங்கியது, வீட்டில் எதை விரைவில் கற்கிறது, எதில் திணறுகிறது என்பனவற்றை அறிந்தவர் அவரே. அவரிடம் முதலில் கேட்க வேண்டியவை இவை. கேட்க வேண்டிய மொழி தமிழ்.