எந்தத் திருப்பத்தூர்?

"திருமணம்: திருப்பத்தூரில்" என்று பத்திரிகை வந்தால், விவரம் தெரிந்த உறவினர்கள் முதலில் கேட்பது "எந்தத் திருப்பத்தூர்?" என்பதைத்தான். கேட்க மறந்தவர் ஏலகிரி மலைப் பக்கம் போய் இறங்குவார். தாலி கட்டுவதோ காரைக்குடிப் பக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே, நேர்கோட்டில் அளந்தாலே, 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஊர்களுக்குள் ஏதோ பழைய உறவு இருக்கும் என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆனால் பெயர் வந்த வழியைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. தெற்கே, காரைக்குடிப் பக்கம் இருக்கும் சிவகங்கை மாவட்டத்து ஊர் தேவாரக் காலத்தில் திருப்புத்தூர். புற்று இருந்த ஊர், அதனால் புத்தூர் என்பது திருத்தளிநாதர் கோயில் பக்கம் சொல்லும் விளக்கம். பேச்சில் 'பு' தேய்ந்து 'ப' ஆகிவிட்டது. வடக்கே இருக்கும் ஊரில் கேட்டால், பத்து ஊர் சேர்ந்தது, அதனால் பத்தூர் என்பார்கள். போதாததற்கு, திருச்சிக்குப் பக்கத்தில் பிரம்மபுரீசுவரர் கோயில் இருக்கும் திருப்பட்டூர் ஒன்று. அதன் பழைய பெயர் திருப்பிடவூர். தமிழில் எழுதினால் 'த்தூ' வேறு, 'ட்டூ' வேறு என்று கண்ணுக்கே தெரியும். ஆங்கில எழுத்தில் ஏறியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

வரலாறு படிக்கும்போது இது இன்னும் முக்கியம். 1792-இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீட் இருந்து நிர்வாகம் செய்தது வடக்குத் திருப்பத்தூரில். ஒன்பது ஆண்டு கழித்து, 1801 அக்டோபர் 24 அன்று, அதே கும்பெனி மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது தெற்குத் திருப்பத்தூரில். காலமும் ஏறக்குறைய ஒன்று, ஆட்சியும் ஒன்று, பெயரும் ஒன்று. பக்கத்து ஊர் எது, அப்போது எந்தச் சீமை என்று பார்க்காமல் படித்தால், மருதிருவரின் தியாக பூமியே இடம் மாறிப்போகும். அப்படி நடக்கவே கூடாது.

தபால் துறைக்கும் இந்தத் தலைவலி இருந்தது. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்ததற்கு ஒரே பெயருள்ள ஊர்களும் ஒரு காரணம். வடக்கு ஊருக்கு 635601, தெற்கு ஊருக்கு 630211. பத்திரிகை அடிப்பவர்கள் மாவட்டத்தோடு இந்த ஆறு இலக்கத்தையும் போட்டுவிட்டால் ஒருவரும் அலைய வேண்டியதில்லை.

மனிதர்களுக்குப் பின்கோடு கிடையாது. அதனால்தான் ஔவையார் இன்னும் ஒருவராகவே நம் மனத்தில் இருக்கிறார். ஔவை என்றால் தாய், மூத்தவள். மதிப்போடு பலரையும் அழைக்கக்கூடிய சொல். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெற்றவரும், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவரும் சங்கப் புலவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டு பிந்திய சோழர் காலத்தவர் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. மொழிநடையே அதைக் காட்டிக் கொடுக்கும். புறநானூற்றுப் பாட்டுக்கு உரை இல்லாமல் நமக்குப் பொருள் பிடிபடாது; ஆத்திசூடியை ஒன்றாம் வகுப்புக் குழந்தை அப்படியே சொல்கிறது. அந்தக் குழந்தைக்கு நெல்லிக்கனிக் கதையைச் சொல்லும் நாளில், "இவர் வேற ஔவைப் பாட்டி, கண்ணு" என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம்.