குடத்துக்குள் கை விடுவது யார்?

ஆகஸ்டு மாதம் இங்கிலீஷ் பிரிமியர் லீக் தொடங்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் புலனக் குழுவில் சண்டை தொடங்கிவிடும். மெர்போக்கில் ஒன்றாகப் படித்து, இன்று ஆளுக்கொரு கல்லூரியில் இருக்கும் எட்டுப் பேர் நடத்தும் ஃபெண்டசி காற்பந்து லீக் அது. பணப் பந்தயம் கிடையாது. கடைசியாக வருபவர் மாமாக் கடையில் எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

'டிராஃப்ட்' முறையில் ஓர் ஆட்டக்காரர் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். நான் ஹாலண்டை எடுத்துவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் அவர் இல்லை. ஆளுக்கு 15 பேரை முறை வைத்து எடுக்க வேண்டும். முதல் சுற்று 1 முதல் 8 வரை போகும். அடுத்த சுற்று பாம்பு போல் வளைந்து 8இலிருந்து 1க்குத் திரும்பும். எட்டாமவருக்கு 8, 9 என்று அடுத்தடுத்து இரண்டு தேர்வுகள் கிடைக்கும். முதலாமவரோ 16 வரை காத்திருக்க வேண்டும். இப்படிச் சரிக்கட்டினாலும் முதலிடத்துக்கு உள்ள மவுசு தனி.

கடந்த ஆண்டு எங்கள் ஏற்பாட்டாளர் இரவில் தனியாக உட்கார்ந்து ஒரு செயலியில் குலுக்கி, திரைப்படத்தைக் குழுவில் போட்டார். முதல் பெயர் அவருடையது! அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ஏமாற்றவில்லை என்று காட்டத்தான் அவருக்கும் வழியில்லை. இருவர் குழுவை விட்டு விலகினர். ஒருவர் இன்னும் திரும்பவில்லை. முதலாம் ஆண்டிலிருந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்.

இந்த ஆண்டு புதுமையான யோசனைகள் வந்து குவிகின்றன. 1,217 மீட்டர் குனோங் ஜெராயில் யார் முதலில் ஏறுவது, பினால்டி உதைப்பது, சிலி பாடி தின்பது. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் எங்களில் வேகமாக ஓடத் தெரிந்தவர் ஒருவர்தான்; ஆண்டுதோறும் அவரே ஜெயிப்பார். சனிக்கிழமை பகுதி நேர வேலைக்குப் போகிறவர் மலையடிவாரத்துக்கே வர முடியாது.

கடைசி இடம் பிடித்தவருக்கே அடுத்த ஆண்டு முதல் தேர்வு என்றார் இன்னொருவர். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ அதைப் பார்த்துவிட்டது. நல்ல ஆட்டக்காரர் கிடைப்பார் என்று அணிகள் வேண்டுமென்றே தோற்பதாகப் புகார் எழுந்ததால், 1985இல் உறைகளைக் குலுக்கி எடுக்கும் முறை வந்தது. முதல் தேர்வு நியூயார்க் அணிக்கு விழுந்தது. ஆணையரே உறையை எடுத்ததால், அந்த உறையை முன்பே குளிரூட்டி அடையாளம் வைத்தார்கள் என்ற வதந்தி நாற்பது ஆண்டுகளாக ஓயவில்லை.

நாம் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். சோழர் என்றால் 1025இல் கடாரத்தின் மீது ராஜேந்திரன் படையெடுத்ததுதான் நினைவுக்கு வரும். அதற்குச் சுமார் நூறாண்டு முன்பு, பராந்தக சோழன் காலத்தில், காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சபையார் எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி, உரக்கப் படிக்க வேண்டும். ஓலையை மறைத்து மாற்ற அங்கே இடமே இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபையில் இடம் என்பது வேறு கதை. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. விரித்த விரல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

குழுவில் நான் எழுதியிருப்பது இதுதான்: மாமாக் கடையில் எட்டுப் பேரும் கூடுவோம், வர முடியாதவர் காணொலி அழைப்பில் பார்க்கட்டும். மைலோ டின்னில் எட்டுச் சீட்டுகள். லீக்கில் இல்லாத யாராவது ஒரு சின்னப் பிள்ளை எடுக்கட்டும். முதலில் பெயர் வருபவருக்கு ஒன்றாம் எண்ணைத் தலையில் கட்டாமல், எந்த எண் வேண்டும் என்று அவரையே கேட்போம். இரட்டைத் தேர்வுக்காக எட்டாம் இடத்தை விரும்புகிறவரும் உண்டு.

விலகிய நண்பருக்கும் இதை அனுப்பினேன். இரண்டு நீலக்குறி விழுந்திருக்கிறது. எட்டாவது சீட்டில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.