டப்பா காலி என்று திட்டுகிறவர்களுக்கு

ரிட்டயர்டு வாத்தியாருக்கு என்ன கேம் பேச்சு என்று கேட்காதீர்கள். லினக்ஸில் பழைய வீடியோ கேம் ஆடும் மென்பொருளைப் போட்டுவிட்டு, "உள்ளே ஒரு மாரியோகூட இல்லை, வெறும் டப்பா" என்று திட்டுகிறீர்கள். ஐயாயிரம் கேமைச் சேர்த்து ஒரே ஃபைலாகக் கொடுப்பவரை வள்ளல் என்கிறீர்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

எமுலேட்டர் என்பது பழைய கேம் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள். எழுதியவர் அனுமதித்தால் அதை யாரும் கொடுக்கலாம். கேம் வேறு. மாரியோ இன்றும் நின்டெண்டோவின் சொத்து. 90களில் டிவியில் மாட்டி ஆடினீர்களே, 9999 கேம் என்று லேபிள் ஒட்டிய கேசட்? உள்ளே சில கேம்களே திரும்பத் திரும்ப வரும். அதே வியாபாரம்தான் இப்போது டவுன்லோடாக வருகிறது.

டெபியனில் பேக்கேஜ் கட்டும் தன்னார்வலர், எந்த ஃபைல் யாருடையது, என்ன லைசன்ஸ் என்று எழுதிவைக்க வேண்டும். ஆர்கேட் கேம்களுக்கான மேம் எமுலேட்டர் 1997இல் வந்தது. சோர்ஸ் கோடு திறந்தே கிடந்தது. ஆனால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததால், டெபியன் அதை முதன்மைத் தொகுப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தது. மேம் குழு பழைய பங்களிப்பாளர்களைத் தேடிச் சம்மதம் வாங்கி, 2016இல் லைசன்ஸை மாற்றிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒரு நிபந்தனைக்கு இத்தனை பாடு! (கைடையே ஜெராக்ஸ் எடுத்துப் படித்த பிள்ளைகளுக்கு இது புரிவது கஷ்டம்தான்.)

டூம் கேமின் சோர்ஸ் கோடு 1997இல் வெளியானது, 1999இல் ஜிபிஎல் லைசன்ஸுக்கு வந்தது. படங்களும் ஒலிகளும் தரப்படவில்லை. தன்னார்வலர்கள் அவற்றைத் திருடவில்லை. எல்லாவற்றையும் புதிதாகவே செய்து ஃப்ரீடூம் என்று வெளியிட்டார்கள். டெபியனில் அது கிடைக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டூம் சிடி இருந்தால், அதிலிருந்தே பேக்கேஜ் செய்துகொள்ள கேம் டேட்டா பேக்கேஜர் என்று ஒரு கருவியும் உண்டு. டப்பா காலி என்று யார் சொன்னது?

"கடையில் கிடைக்காத கேம் அழிந்துபோகாதா சார்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குச் சட்டம் மாற வேண்டும், நூலகங்கள் முன்வர வேண்டும். ஆனால் எழுதியவர் பெயரைக்கூடப் போடாமல் ஐயாயிரத்தை மூட்டை கட்டுகிறவர் எதையும் பாதுகாக்கவில்லை. அந்த மூட்டையை சூடோ போட்டு ஓடவிடச் சொல்கிறாரே, உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று ஒருவராவது பார்த்தீர்களா?

பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது போட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' கேமிலிருந்து தொடங்குங்கள். உரிமையாளர்களே 2003இல் இலவசமாக விட்டது. ஸ்கம்விஎம்மில் ஓடும், இரண்டுமே டெபியனில் பேக்கேஜாக இருக்கின்றன. இன்ஸ்டால் செய்யத் தெரியாதவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்யுங்கள்.