மூன்று ஞாயிறு ஓலை

கிறித்துவத்துக்குள் சாதி என்றதும் நம் நினைவுக்கு வரும் ஊர்கள் சில உண்டு. வடக்கன்குளத்தில் 1872இல் இரட்டைக் கூடமாகக் கட்டப்பட்டு "கால்சட்டைக் கோயில்" என்றே பெயர் வாங்கிய தேவாலயம் ஒன்று. 2008 மார்ச் 9 அன்று துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர்களைப் பறித்த எறையூர் மோதல் மற்றொன்று. துறையூர் பக்கமுள்ள கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில்தான் நோட்டீஸ் அனுப்பியது. சுவர், கல்லறை, தேர். நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான். எழுதத்தான் வேண்டும். ஆனால் என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சேலம், நாமக்கல் பகுதிப் பங்குகளில் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தபோது, சுவரே இல்லாத கோயில்களிலும் சாதி எந்தச் சிரமமும் இல்லாமல் நடமாடுவதைக் கண்டேன். அதற்கு வாராவாரம் கிடைக்கும் வாய்ப்புகளில் ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை.

கத்தோலிக்கர் அல்லாத தோழர்களுக்காக, முதலில் ஒரு சிறு பங்கின் வாரம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் விடியற்காலைப் பூசைக்கு ஏழெட்டுப் பாட்டிமார் வருவார்கள். தறிக்காரர்கள் ஷிப்டில் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு, புதன்கிழமை சகாய மாதாவுக்கு, மாதத்தின் முதல் வெள்ளி திருஇருதய ஆண்டவருக்கு. சனிக்கிழமை கூலி கைக்கு வந்த பிறகுதான் கோயில் கணக்கே அசையும். ஞாயிறன்று முழுப் பங்கும் கூடும். பூசை முடிந்து பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, பெரியவர்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை. இதற்கிடையே வீடுகளில் அன்பியக் கூட்டம். அன்பியங்களைத் தெருக்கணக்கில் பிரிக்கிறார்கள். தெருக்களோ ஏற்கெனவே சாதிக்கணக்கில் பிரிந்து கிடப்பவை. ஆகவே ஊர்த்தெருக்காரர்கள் வளவுக்குள் வந்து ஒரு டம்ளர் டீ குடிக்க வேண்டிய தேவை வருடம் முழுக்க எழுவதே இல்லை.

ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கி முடித்ததும், இறுதி ஆசீருக்கு முன்பு அறிவிப்புகள் வாசிக்கப்படும். இந்த வாரக் காணிக்கை இவ்வளவு, அடுத்த வாரம் கோயில் கூட்டுவது இன்ன அன்பியம், இன்னாருக்கு இறந்தோர் பூசை. அதோடு திருமண ஓலை. இன்ன ஊர் இன்னாருடைய மகன், இன்ன ஊர் இன்னாருடைய மகளை மணக்க இருக்கிறார், முதல் ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும். மூன்று ஞாயிறு, பெண்ணின் பங்கிலும் மாப்பிள்ளையின் பங்கிலும்.

சாதியின் பெயர் அதில் வராது. வரத் தேவையும் இல்லை. அப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் போதும். ஓலை வாசிக்கும் அந்த அரை நிமிடத்தில் பெஞ்சுகளில் நடக்கும் கணக்கை யாராவது சத்தமாகச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு பங்கில் நடந்தது இது. ஊர்த்தெருப் பெண், வளவுப் பையன். இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது ஒரே கோயில். இருவரும் ஒரே மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்கள். திருமணத் தயாரிப்பு வகுப்பும் முடித்துவிட்டார்கள். முதல் ஓலை வாசித்த அன்று மாலையே பெண் வீட்டார் பெங்களூரிலுள்ள உறவினர் வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. யாரும் எழுத்தில் தடை சொல்லவில்லை. திருச்சபைச் சட்டத்தில் சாதி ஒரு திருமணத் தடையே இல்லை என்பதால் சொல்லவும் முடியாது. பங்குத்தந்தை ஏன் நிறுத்தினார் என்று யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பையன் இப்போது ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சாதி உயிரோடிருப்பதே அகமணத்தால்தான் என்று அம்பேத்கர் 1916இலேயே காட்டிவிட்டார். அப்படியானால் கோயிலுக்குள் சாதி எங்கே காவல் காக்கப்படுகிறது என்று தேடுபவர்கள் கல்லறைச் சுவரோடு அறிவிப்பு மேசையையும் பார்த்தாக வேண்டும்.

ஓலைக்கு வயது அதிகம். 1215இல் நான்காம் லாத்தரான் சங்கம் அதைப் பொது விதியாக்கியது. மூன்று திருநாட்களில் வாசிக்க வேண்டும் என்பதை 1563இல் திரிதெந்தின் சங்கம் உறுதிப்படுத்தியது. இரகசியத் திருமணங்களையும் நெருங்கிய இரத்த உறவுத் திருமணங்களையும் தடுப்பதே நோக்கம். ஐரோப்பாவில் உறவுமுறையைக் கண்டுபிடிக்க வந்த கருவி, நம் ஊரில் உறவுமுறைக்கு வெளியே போகிறவர்களைக் கண்டுபிடிக்கப் பயன்படுகிறது.

நம் ஊர் என்று சும்மா சொல்லவில்லை. ராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து கிளம்பி வந்தது இந்தச் சேந்தமங்கலம், சேலம் பக்கம்தான். அதே ஆண்டு பதினைந்தாம் கிரகோரி பாப்பு, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை மதம் மாறியவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கெனப் பண்டார சுவாமிகள் தனியாக வந்தார்கள். மேல்சாதிக்கு ஒரு குருவும் கீழ்சாதிக்கு வேறொரு குருவுமாக. பறையர்களின் வீட்டுக்குள் போய் நோயாளிக்கு அவஸ்தை பூசமாட்டோம் என்று குருக்கள் இழுத்தடித்த விவகாரம் ரோம் வரை போனது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர், பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். சேலம் மறைமாவட்டம் உருவான 1930இல் இந்தப் பழக்கத்துக்கு முந்நூறு வயது.

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்ட கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றத்தில். ஒரு தலித் கத்தோலிக்க இளைஞனுக்கு இதே கதி நேர்ந்தால் அந்தச் சட்டமும் எளிதில் கைகொடுக்காது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி அவன் பட்டியல் சாதியே இல்லை. தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டவன். தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றிய அரசை நோக்கிய கோரிக்கையோடு நிற்கிறது. இப்படிப்பட்ட வட்டாரத்தில்தான் கலப்பு இணையர்களின் பெயரையும் ஊரையும் மூன்று வாரம் ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம்.

ஓலைக்கு ஆதரவாகக் குருக்கள் சொல்லும் ஒரு காரணத்தை நான் மதிக்கிறேன். லாரியிலும் ரிக்கிலும் மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகும் ஆண்கள் அதிகமுள்ள பகுதி இது. முதல் மனைவியை மறைத்து இரண்டாவது கல்யாணத்துக்கு நின்ற ஆட்களை ஓலை பிடித்துக் கொடுத்திருக்கிறது. பெண்களுக்கு அது பாதுகாப்புதான். ஆனால் அதற்கு வேறு வழி திருச்சபையின் கையிலேயே இருக்கிறது. ஒருவருடைய திருமணம், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தொகுப்பின் 1122ஆம் விதி. புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழில் பழைய கோயில் கல்யாணம் தெரிந்துவிடும். பதிவேட்டை ஒழுங்காக எழுதும் சோம்பலுக்காக ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஓலை கட்டாயமும் இல்லை. 1983 சட்டத்தொகுப்பின் 1067ஆம் விதி அதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையின் பொறுப்பில் விட்டிருக்கிறது. ஆயர் விலக்கு அளிக்கும் வழக்கமும் இருக்கிறது. துபாய் விமானம் அடுத்த வாரம் என்றால் மூன்று ஓலையும் ஒரே ஞாயிறில் முடிந்துவிடுகிறது, அதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். விமான டிக்கெட்டுக்குக் கிடைக்கும் விலக்கு சாதி கடந்த இணையருக்கு ஏன் கேட்காமலே கிடைக்கக் கூடாது? 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பும் இதே ஆபத்துதான். இணையர் விரும்பாவிட்டால் அதை வெளியிட வேண்டியதில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. சாதியைப் பாவம் என்று 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்ட இந்திய ஆயர் பேரவை, ஒரு உயர் நீதிமன்றம் போன தூரமாவது போகலாம்.

கேட்பது பெரிய விஷயமும் இல்லை. திருமண விண்ணப்பப் படிவத்தில் "ஓலை வாசிக்க வேண்டாம்" என்று ஒரு வரி. காரணம் கேட்கக் கூடாது. கையெழுத்து மணமக்கள் இருவருடையது மட்டும், பெற்றோருடையது வேண்டாம். விலக்குக் கடிதம் ஆயர் இல்லத்திலிருந்து நேராக மணமக்களுக்கு வரட்டும். பங்கு அலுவலகம் வழியாக வந்தால் மாலைக்குள் ஊருக்கே தெரியும். இதைப் படிக்கும் கத்தோலிக்க இளைஞர்கள் உங்கள் பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள், குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். மறுத்தால், யார் மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள்.