தாவர சாஸ்திரப் போதனை

செடியைக் காட்டாமலே செடிநூல் கற்பிக்கும் வழக்கம் நமது பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. செங்கற்பட்டு ஜில்லாவில் இவ்வழக்கம் நீடிப்பது பெரிதும் வருந்தத்தக்கது. மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வளர்கின்றன. உள்நாட்டுக் காடுகளில் காரை, களா, சூரை, வீரை முதலியன செழித்திருக்கின்றன. இவற்றினிடையே வாழும் மாணாக்கனோ புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்து, பெயர்களை நெட்டுருச் செய்து, பரீட்சையில் தேறிவிடுகிறான்.

உபாத்தியாயர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 2017 முதல் நமது மாநிலத்தில் வைத்தியக் கல்லூரிப் பிரவேசம் நீட் பரீட்சையைப் பொறுத்திருக்கிறது. அதன் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்குரியவை. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பதே அங்கு வேண்டப்படும் திறமை. ஆகவே மாணாக்கரைத் தோப்புக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்லும் நேரம் வீணென்று பெற்றோரும் எண்ணுகின்றனர்.

அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கக்கூடியது எவ்வளவு! அடும்பு தன் கணுக்கள்தோறும் வேரூன்றி மணலைப் பிணிக்கிறது. இராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோடி வித்தைப் பரப்புகின்றன. இச்செடிகள் தடுத்த மணல் நாளடைவில் மேடாகிறது. அம்மேடு அலைக்கும் உப்புக்காற்றுக்கும் அரணாக நிற்கிறது. வேர், தண்டு, வித்துப் பரவுதல், சூழ்நிலை ஆகிய நான்கு பாடங்களும் அங்கே கண்முன் கிடக்கின்றன.

நமது நாட்டுச் சாஸ்திரிகள் இவ்வழியிலேயே சிறந்தனர். ரங்காச்சாரியார் தென்னிந்தியப் புல்வகைகளை நேரில் ஆராய்ந்து 1921-இல் நூலாக்கினார். எம். ஓ. பி. ஐயங்கார் நமது நீர்நிலைகளின் பாசிகளை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தினார். அவர்கள் எழுதியது ஆங்கிலத்தில். எனினும் கற்றது இம்மண்ணில்.

செடிகளை நன்கறிந்த இருளர்கள் இந்த ஜில்லாவிலேயே இருக்கின்றனர். 1986-இல் தோன்றிய இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகைகளை வளர்த்து அவ்வறிவைப் போற்றிவருகிறது. பாம்பு பிடிக்கும் திறமைக்காக இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. சர்க்கார் விருதளித்துப் போற்றும் சமூகத்தினரைத் தாவர வகுப்பில் ஆசானாக அமர்த்தப் பள்ளிகள் தயங்குவானேன்?

இது கல்வியை மட்டும் பற்றிய விஷயமன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-லும் 2019-லும், மணற்குன்றுகளைக் காக்கவேண்டியவற்றுள் சேர்த்துள்ளன. ஆனால் மணற்குன்று இன்னதென்று அறியாத ஜனங்கள், அது சமமாக்கப்பட்டு விடுதியாகும்போது எவ்வாறு ஆட்சேபிப்பர்? சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் பல கோவிற்காடுகளில்தான் தங்கியுள்ளன. அவற்றையும் வெறும் புதரென்று எண்ணி வெட்டுவோர் உண்டு. பெயர் தெரியாத செடிக்கு வழக்காட எவரும் முன்வருவதில்லை.

ஆகவே நாம் கோருவது இது. வாரத்தில் ஒரு வேளையாவது தாவர வகுப்பு வெளியில் நடைபெற வேண்டும். அதற்குப் பரீட்சையில் மதிப்பெண் அளிக்கப்பட வேண்டும். இருளர்களுக்குத் தக்க ஊதியம் தந்து போதனைக்கு அழைக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர்ச் செடிகளின் தமிழ்ப் பெயரையும் சாஸ்திரப் பெயரையும் பட்டியலாக்கிக் கிராமசபையில் வைக்க வேண்டும். பெருஞ்செலவு எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. சர்க்கார் உத்தரவு வரும்வரை காத்திராமல், தேசத் தொண்டர்கள் தத்தம் ஊர்ப் பட்டியலை இம்மாதமே தொடங்குவார்களாக.