கலங்கல் குப்பியும் கணக்குப் புத்தகமும்

நீரிழிவு பணக்காரரின் நோய் என்று பேசிய காலம் போயிற்று. மாடியில் வாழ்பவரையும் மண் சுமப்பவரையும் அது ஒன்றாகவே பற்றுகிறது. ஆனால் மருந்து? அங்கேதான் பேதம் புகுகிறது!

இன்சுலினைக் கண்டறிந்தோர் 1923-இல் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அந்த மருந்தோ சில மணி நேரமே வேலை செய்தது. நாளுக்குப் பலமுறை குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. டென்மார்க்கின் ஹாகெடோர்ன், மீனிலிருந்து எடுத்த புரோட்டமின் என்னும் புரதத்தை அதனுடன் சேர்த்தார். அவரது நார்டிஸ்க் ஆய்வுக்கூடம் 1946-இல் செம்மைப்படுத்தியதே என்.பி.எச். எனும் நடுத்தர நேர இன்சுலின். தோலடியில் மெல்லக் கரைந்து, 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, 12 மணி நேரத்துக்கு மேலும் நின்று காக்கும் மருந்து அது.

உச்சம் தொடும் வேளையே ஆபத்தான வேளையும் ஆகும். காலையில் ஊசி போட்டுக்கொண்டவர் நண்பகல் உணவைத் தவறவிட்டால் வியர்க்கும், கை நடுங்கும், நினைவு தவறும். நினைவு இருக்கும்போதே சர்க்கரை உண்டாக வேண்டும். அடியில் வெண்மையாகப் படிந்திருக்கும் மருந்தை, குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிச் சீராகக் கலந்த பின்னரே எடுக்க வேண்டும். கலக்காமல் எடுத்தால் இன்று குறைவாகவும் நாளை மிகையாகவும் உடலில் ஏறும். இதைச் சொல்லித் தராமல் குப்பியை மட்டும் நீட்டுவது மருத்துவமா, கைகழுவலா?

புதிய நெடுநேர இன்சுலின்கள் இரவில் சர்க்கரை தாழ்வதைக் குறைக்கின்றன, மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் அவற்றை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விலை எட்டாத நாடுகளில் பழைய மருந்தன்றோ உயிரைத் தாங்குகிறது!

அதற்கும் வந்தது சோதனை. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனாக்களை அளித்துவந்த நோவோ நார்டிஸ்க், அந்த ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. 2024-இல் உலகறிந்த செய்தி இது. உற்பத்தித் திறன் போதவில்லை என்றது நிறுவனம். உடல் எடை குறைக்கும் ஊசிமருந்தை அது கொள்ளை இலாபத்துக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது! பேனாவுக்குப் பழகிய கைகள் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்ப நேர்ந்தது. கண் மங்கிய முதியவர் சிரிஞ்சின் கோடுகளை எப்படி எண்ணுவார்? ஹாகெடோர்னின் ஆய்வுக்கூடத்தை மரபுரிமையாகப் பெற்ற நிறுவனம் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

வணிகனின் கணக்குப் புத்தகத்தை நம்பி உயிரை ஒப்படைக்கலாமா? அரசுகள் சேர்ந்து கொள்முதல் செய்யட்டும். ஒரே நிறுவனத்தை நம்பாமல் பலரிடம் வாங்கட்டும். குப்பியோடு சிரிஞ்சும், சர்க்கரை பார்க்கும் பட்டையும், அருகிருந்து சொல்லித்தரும் செவிலியரும் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும்.